காரைக்குடிப் பக்கம் ஸ்மார்ட் வாட்ச் வாங்குகிறவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டியவை

அப்பச்சிக்கு ஒன்று, எனக்கு ஒன்று, பழனிக்கு நடக்கிற மச்சானுக்கு ஒன்று என்று எங்கள் வீட்டில் அடுத்தடுத்து வாட்ச் தேட வேண்டி வந்தது. செக்காலை ரோட்டுக் கடைகள், மதுரை சர்வீஸ் சென்டர், சிங்கப்பூரிலிருந்து வந்த பார்சல் என்று எல்லாப் பக்கமும் அலைந்து தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். யூடியூபில் வாட்ச் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் நகரத்து ஃபிளாட்டில் உட்கார்ந்து பேசுகிறார்கள். நம் பக்கத்து வீட்டு அமைப்பு வேறு, வெயில் வேறு, சர்வீஸ் சென்டர் இருக்கும் தூரமும் வேறு.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாங்கின வாட்ச் மேசை டிராயருக்குள் போய்ச் சேர்வது பெரும்பாலும் சென்சார் சரியில்லை என்பதால் அல்ல. சார்ஜ் போட மறந்துபோகும், போனோடு இணைப்பு அறுந்துவிடும், தமிழ் மெசேஜ் கட்டம் கட்டமாக வரும், பட்டை பட்ட இடம் அரிக்கும். ஆகவே அட்டைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் வசதிப் பட்டியலைக் கடைசியாகப் படியுங்கள்.

1. கட்டப்போவது யார்?

"நல்ல வாட்ச் எது?" என்று கடையில் கேட்டால், எதில் லாபம் அதிகமோ அதை எடுத்து வைப்பார்கள். வேலை என்ன என்று நீங்கள் சொல்ல வேண்டும்.

தனியாக இருக்கும் பெரியவருக்கு வேண்டியது பெரிய எழுத்து, விழுந்தால் தகவல் போகும் வழி, சுலபமான சார்ஜ். அவ்வளவுதான். நூறு விளையாட்டு மோடு இருந்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. தைப்பூசத்துக்குக் குன்றக்குடி வழியாகப் பழனிக்கு நடக்கிறவருக்குப் பல நாள் தாங்கும் பேட்டரியும் வாட்ச்சுக்குள்ளேயே ஜி.பி.எஸ்ஸும் வேண்டும். கல்லாவில் உட்கார்ந்து போன் வந்தால் யார் என்று மணிக்கட்டில் பார்த்தால் போதும் என்கிறவருக்கு இரண்டாயிரம் ரூபாய் வாட்ச்சே அதிகம். கல்லூரிப் பிள்ளை கேட்கிறது என்றால் அது பெரும்பாலும் அழகுக்கு. அதுவும் நியாயமான காரணம்தான், ஆனால் அதற்கு நாற்பதாயிரம் தேவையில்லை.

வளையல் போடும் பெண்களுக்கு ஒரு விஷயம். வளையல் போட்ட கையிலேயே வாட்ச்சையும் கட்டினால் கண்ணாடியில் கீறல் விழும். மற்றக் கையில் கட்ட மனமில்லை என்றால் ஸ்மார்ட் மோதிரம் இருக்கிறது. தூக்கம், இதயத்துடிப்பு எல்லாம் கணக்கெடுக்கும். திரை கிடையாது, போன் பேச முடியாது, நல்ல மோதிரங்களின் விலையும் ரூ. 20,000ஐத் தாண்டலாம். அளவு பார்க்கும் மாதிரி மோதிரங்களை முதலில் வரவழைத்து, ஒரு பகலும் ஓர் இரவும் போட்டுப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். வெயிலில் விரல் வீங்குவது தெரியாமல் அளவு சொன்னால் மாட்டிக்கொள்ளும்.

2. போனைப் பார்த்துவிட்டு வாட்ச்சைப் பாருங்கள்

அதிகம் பேர் சறுக்கும் இடம் இதுதான்.

கட்டப்போகிறவரிடம் பட்டன் போன்தான் இருக்கிறது என்றால் ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம். எந்த வாட்ச்சும் ஒரு செயலி வழியாகத்தான் உயிர் பெறும், அந்தச் செயலியைப் போட ஸ்மார்ட்போன் வேண்டும். போனுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிவிட்டுப் பேசுங்கள்.

ஆப்பிள் வாட்ச்சுக்கு ஐபோன் கட்டாயம். ஆண்ட்ராய்டு போனோடு அது சேராது. அதன் மென்பொருளான வாட்ச்.ஓ.எஸ் 26 ஓட ஐபோன் 11 அல்லது அதற்குப் பிந்திய போன் வேண்டும். அண்ணன் தந்த பழைய ஐபோனை நம்பிப் புது வாட்ச் வாங்கப் போகிறவர்கள் கவனியுங்கள். சாம்சங் கேலக்ஸி வாட்ச் 4இலிருந்து வந்த மாடல்கள் ஐபோனோடு சேராது. அதில் ஈ.சி.ஜி, ரத்த அழுத்த வசதிகள் வேலை செய்ய ஏதோ ஓர் ஆண்ட்ராய்டு போதாது, சாம்சங் போனாகவே இருக்க வேண்டும். விவோவோ ரெட்மியோ வைத்திருப்பவரிடம் கடைக்காரர் இதைச் சொல்வதே இல்லை. கார்மின், அமேஸ்ஃபிட், நாய்ஸ், போட் போன்றவை இரண்டு வகைப் போனோடும் சேரும்.

போனில் ஆண்ட்ராய்டு எண் என்ன என்று செட்டிங்ஸில் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். வாட்ச் பெட்டியின் பின்பக்கம் எந்த எண்ணிலிருந்து வேலை செய்யும் என்று பொடி எழுத்தில் இருக்கும்.

3. மூன்று ரகம், மூன்று விலை

ரூ. 1,000 முதல் 4,000 வரை: நேரம், நடை, போன் வந்தால் அதிர்வு, புளூடூத்தில் பேசும் வசதி. பேட்டரி ஒரு வாரம் ஓடும். வெளிச் செயலிகள் போட முடியாது. விலை அட்டையில் 9,999 என்று போட்டு அடித்துவிட்டு 1,499 என்று எழுதியிருப்பார்கள். அந்த 9,999க்கு அதை யாரும் வாங்கியதில்லை, ஆகவே எவ்வளவு தள்ளுபடி என்று கணக்குப் போட்டுச் சந்தோஷப்பட வேண்டாம்.

ரூ. 5,000 முதல் 15,000 வரை: நல்ல திரை, உள்ளேயே ஜி.பி.எஸ், ஓரளவு நம்பத்தக்க இதயத்துடிப்பு, ஒரு வாரத்துக்கு மேல் பேட்டரி. நம்மில் பாதிப் பேருக்கு இதுவே போதும் என்பது என் கட்சி. பழைய கேலக்ஸி வாட்ச் மாடல்களும் தள்ளுபடிக் காலத்தில் இந்த விலைக்கு இறங்கும்.

ரூ. 20,000க்கு மேல்: ஆப்பிள், புதுக் கேலக்ஸி, கார்மின். ஈ.சி.ஜி, விழுந்தால் தானே அழைப்பது, சிம் வசதி எல்லாம் இங்கே. ஆனால் எல்லா மாடலிலும் எல்லாம் இருக்காது. ஆப்பிள் எஸ்.இ மாடலில் விழுவதை அறியும் வசதி உண்டு, ஈ.சி.ஜி கிடையாது.

எப்போது வாங்குவது? ஆப்பிள் வழக்கமாகச் செப்டம்பரிலும், சாம்சங் ஜூலை வாக்கிலும் புது மாடல் விடுகின்றன. அதன் பிறகு தீபாவளியை ஒட்டி வரும் தள்ளுபடியில் முந்தைய வருட மாடலை வாங்குவது நல்ல கணக்கு. ஒரு வருடம் பழையது என்பதால் சாதாரணப் பயன்பாட்டில் வித்தியாசம் ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு வருடம் பழைய மாடல் என்றால் மட்டும் மென்பொருள் அப்டேட் இன்னும் எத்தனை நாள் வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. வீட்டின் நீளத்தை அளந்து பாருங்கள்

கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் நம் ஊரில் இதுதான் முக்கியம். புளூடூத் திறந்த வெளியில் சுமார் 10 மீட்டர் எட்டும். நம் பழைய வீடுகளோ ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீண்டு கிடக்கின்றன. நடுவில் இருக்கிற சுவரெல்லாம் சாதாரண கனமா? போனை முகப்பில் சார்ஜில் போட்டுவிட்டு வளவை (உள்முற்றத்தை) தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போனாலே இணைப்பு அறுந்துவிடும். அடுப்படியில் ஆத்தாவுக்கு வாட்ச் வழியாகப் போன் வரும் என்று நம்பி வாங்கினால் வராது. "புளூடூத் காலிங்" என்பது போன் பக்கத்தில் இருந்தால் மட்டும் நடக்கிற வேலை. வாட்ச் அங்கே வெறும் மைக்கும் ஸ்பீக்கரும்தான்.

இதற்கு மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, போனைச் சட்டைப்பையிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்வது. செலவில்லை. பெரியவர்கள் செய்ய மாட்டார்கள், அது வேறு விஷயம்.

இரண்டாவது, வைஃபை உள்ள வாட்ச். ஆப்பிளும் கேலக்ஸியும் புளூடூத் அறுந்தாலும் வீட்டு வைஃபை வழியாகப் போனோடு தொடர்பு வைத்துக்கொள்ளும். மலிவு வாட்ச்களில் பெரும்பாலும் வைஃபை கிடையாது. வீட்டின் பின்கட்டு வரை வைஃபை எட்ட வேண்டும் என்பதால் கூடுதலாக ஒரு ரௌட்டரோ மெஷ் பெட்டியோ வைக்க வேண்டி வரும். அந்தச் சில ஆயிரங்களையும் வாட்ச் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இ-சிம் (உள்ளேயே பதிந்திருக்கும் மின்னணு சிம்) உள்ள வாட்ச். போன் இல்லாமலே பேசும். சாதா மாடலைவிட ஆப்பிளில் சுமார் 5,000 முதல் 10,000 வரை கூடும், மாதக் கட்டணமும் தனியாக இருக்கலாம். ஜியோவும் ஏர்டெல்லும் ஆப்பிள் வாட்ச்சுக்கு இந்த வசதியைத் தருகின்றன. போனில் இருக்கும் சிம் எந்த நிறுவனமோ வாட்ச்சிலும் அதுவேதான் வரும். பி.எஸ்.என்.எல் வைத்திருப்பவர்களும், ப்ரீபெய்டில் இருப்பவர்களும் வாட்ச்சுக்குப் பணம் கட்டும் முன் தங்கள் நிறுவனத்தில் கேட்டுவிடுங்கள். எண் யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஆதாரோடு வர வேண்டியிருக்கலாம். பல வீடுகளில் அப்பச்சியின் எண் வெளிநாட்டில் இருக்கும் மகன் பெயரில் கிடக்கும். அதை மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. இன்னொன்று, அந்தச் சுவருக்குள் செல்போன் சிக்னலே திணறும். இ-சிம்முக்குப் பணம் கொடுக்கும் முன், அதே நிறுவனச் சிம் உள்ள போனைப் பெரியவர் படுக்கும் அறைக்கு எடுத்துப் போய்க் கோடு எத்தனை காட்டுகிறது என்று பாருங்கள்.

5. உடம்புக் கணக்கில் எதை நம்பலாம்?

ரத்தச் சர்க்கரை: ஊசி போடாமல், தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்ச்சை வாங்காதீர்கள். மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ 2024 பிப்ரவரியில் அப்படிப்பட்ட எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தந்ததில்லை என்று எச்சரிக்கையே விட்டது. இணையத்தில் மூவாயிரம் ரூபாய்க்குக் கிடைப்பது வெறும் எண் விளையாட்டு. அதை நம்பி இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. தொடர்ந்து சர்க்கரை பார்க்க வேண்டும் என்றால் கையில் ஒட்டிக்கொள்ளும் சி.ஜி.எம் பட்டை இருக்கிறது. அதன் மெல்லிய இழை தோலுக்கு அடியில் போகும், ஒன்று ஏறக்குறைய இரண்டு வாரம் வரும். மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ரத்த அழுத்தம்: மலிவு வாட்ச்சில் வரும் எண்ணைப் பொருட்படுத்த வேண்டாம். கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். வாட்ச்சைத் துண்டில் சுற்றி வைத்து அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். துண்டுக்கும் 120/80 காட்டினால் அதன் யோக்கியதை தெரிந்துவிடும். சாம்சங் முறையில்கூடக் கையில் சுற்றிக் காற்றடிக்கும் மெஷினோடு ஒப்பிட்டுப் பதிய வேண்டும், நான்கு வாரத்துக்கு ஒரு முறை அதைத் திரும்பச் செய்ய வேண்டும். எப்படியும் மெஷின் வேண்டும் என்றாகிறது. அந்த மெஷினை ரூ. 2,000 வாக்கில் வாங்கி அதிலேயே பார்த்துவிடுவது மேல்.

இதயத்துடிப்பு: பச்சை விளக்கு அடித்து ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் முறை. சும்மா இருக்கும்போது நன்றாகவே காட்டும். பட்டை தளர்ந்திருந்தாலும், மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டினாலும் தப்பும். எலும்புக்கு ஒரு விரல் அளவு மேலே தள்ளிக் கட்டுங்கள்.

ஈ.சி.ஜி: ஒரே கோணத்தில் எடுக்கும் (சிங்கிள் லீட்) பதிவுதான். இதயம் தாளம் தப்பித் துடிப்பதைக் காட்டிக்கொடுக்கும். மாரடைப்பைக் கண்டுபிடிக்காது. இதை ஆப்பிளே தெளிவாகச் சொல்கிறது. நெஞ்சு அடைக்கிறது என்றால் வாட்ச்சில் விரல் வைத்து உட்கார்ந்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் காந்தச் சார்ஜரை நெஞ்சருகே கொண்டுபோகாமல் இருக்க வேண்டும். வாங்கும் முன் இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நடைக் கணக்கு: கை வீச்சை வைத்துத்தான் எண்ணுகிறது. இரண்டு கையாலும் காவடியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் குறைத்துக் காட்டும். அம்மியில் அரைத்தால் கூட்டிக் காட்டும். பாதயாத்திரைக்காரர்களுக்குத் தூரம்தான் முக்கியம் என்றால் ஜி.பி.எஸ் உள்ள வாட்ச்சாகப் பாருங்கள். பெட்டியில் "ஜி.பி.எஸ்" என்று மட்டும் போட்டிருப்பதை நம்பக் கூடாது, போனின் ஜி.பி.எஸ்ஸைக் கடன் வாங்குவதையும் அப்படித்தான் எழுதுவார்கள். "போன் இல்லாமல் வழி பதியுமா?" என்று கேளுங்கள். பதியும் என்றால், ஜி.பி.எஸ் ஓடும்போது எத்தனை மணி நேரம் வரும் என்பது அடுத்த கேள்வி. 14 நாள் பேட்டரி என்று விளம்பரம் செய்யும் வாட்ச்சும் ஜி.பி.எஸ் போட்டால் சில மணி நேரக் கணக்குக்கு இறங்கிவிடும்.

6. பெரியவர் விழுந்தால் யாருக்குப் போன் போகும்?

பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, இத்தனை பெரிய வீட்டில் வயதானவர்கள் இருவரோ ஒருவரோ இருக்கும் ஊர் நம்முடையது. வாட்ச் வாங்கித் தருகிற பலரும் இந்த ஒரு வசதிக்காகத்தான் வாங்குகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே.

ஆப்பிளில் பலமாக விழுந்தது தெரிந்தால் வாட்ச் அதிர்ந்து, விழுந்தீர்களா என்று கேட்கும். சுமார் ஒரு நிமிடம் அசைவே இல்லாவிட்டால் தானாக அவசர எண்ணை அழைத்து, பிறகு நாம் கொடுத்திருக்கும் எண்களுக்கு இடத்தோடு செய்தி அனுப்பும். இந்தியாவில் அந்த எண் 112. பிறந்த தேதியைச் சரியாகக் கொடுத்து வயது 55 அல்லது அதற்கு மேல் என்றால் தானே இயங்கும், இல்லாவிட்டால் செட்டிங்ஸில் நாம்தான் போட வேண்டும்.

இதில் மறந்துவிடுகிற விஷயங்கள்: அழைப்பு போகப் போன் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அல்லது வாட்ச்சில் இ-சிம் வேண்டும், அல்லது வைஃபை வழியாகப் பேசும் வசதி அமைத்திருக்க வேண்டும். நான்காம் படியில் சொன்ன வீட்டு நீளம் இங்கேதான் உதைக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து உட்கார்ந்தால் பல சமயம் வாட்ச்சுக்குத் தெரியாது. குளிக்கும்போது கழற்றி வைத்தால், வழுக்கி விழுவதற்கு அதிக வாய்ப்புள்ள இடத்தில் வாட்ச் கையில் இருக்காது.

அவசரத் தொடர்பு எண்ணில் சிங்கப்பூர் மகனை மட்டும் போடாதீர்கள். செய்தி கிடைத்து அவர் பதறுவார், வேறென்ன செய்ய முடியும்? எதிர்வீட்டுக்காரர், தெருமுனைக் கடைக்காரர், ஊரில் இருக்கும் பங்காளி என்று ஐந்து நிமிடத்தில் வந்து கதவைத் தட்டக்கூடிய இரண்டு பேரை முதலில் போடுங்கள். அவர்களிடம் முன்பே சொல்லி, வீட்டுச் சாவி ஒன்றையும் கொடுத்து வையுங்கள். உள்ளே தாழ் போட்டுவிட்டுத் தூங்குகிற பழக்கம் இருந்தால் அதற்கும் ஒரு வழி பேசிக்கொள்ளுங்கள். நம் ஊர்க் கதவை உடைத்துத் திறப்பது நடக்கிற காரியமில்லை.

7. சார்ஜ், தண்ணீர், வெயில், பட்டை

ஆப்பிள் தன் சாதாரண மாடல்களுக்கு 18 முதல் 24 மணி நேரம் என்று சொல்கிறது. கேலக்ஸி ஒன்று ஒன்றரை நாள். தினமும் சார்ஜ் போடுகிற பழக்கம் வராதவருக்கு இவை சரிப்படாது. "திரை எப்போதும் எரியும்" வசதியைப் போட்டால் எந்த வாட்ச்சிலும் பேட்டரி வெகுவாகக் குறையும். பெரியவர்களுக்குக் காலைக் குளியல் முடிந்து சாமி கும்பிட்டு, சாப்பிட்டு எழும் வரை சார்ஜில் போடச் சொல்லிப் பழக்குங்கள். இரவில் கழற்றி வைத்தால் பாத்ரூம் போகிற நேரத்தில் கையில் இருக்காது.

சார்ஜர் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு மாதிரி. தொலைந்தால் காரைக்குடிக் கடைகளில் கிடைப்பது அரிது. வாட்ச் வாங்கும்போதே உதிரிச் சார்ஜர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். மலிவு வாட்ச்சைப் போனின் வேகச் சார்ஜரில் சொருகாதீர்கள், கையேட்டில் 5 வோல்ட், 1 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அதற்கேற்ற பழைய அடாப்டர்தான் சரி.

தண்ணீர் தாங்கும் அளவாக 5 ஏ.டி.எம் என்று போட்டிருந்தால் ஊருணியில் குளிக்கலாம், நீந்தலாம். ஐ.பி 67, 68 மட்டும் என்றால் கை கழுவ, மழையில் நனைய. எதுவானாலும் வெந்நீரும் சோப்பும் ஆவியும் உள்ளே இருக்கும் ரப்பரைக் கெடுக்கும். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலன்று கழற்றிவிடுங்கள்.

திரையைக் கடைக்குள் ஏ.சி வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசலுக்கு எடுத்து வந்து நடுப்பகல் வெயிலில் பாருங்கள். மங்கலாகத் தெரிந்தால் வயல், வண்டி, நடை எதற்கும் உதவாது.

பட்டை அகலம் 20 அல்லது 22 மி.மீ என்ற பொது அளவாக இருந்தால் எந்தக் கடையிலும் மாற்றுப் பட்டை கிடைக்கும். சிலிக்கான் பட்டைக்கு அடியில் வியர்வை தேங்கி அரிப்பு வரும், சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம். ரூ. 300, 400க்கு நைலான் பட்டை ஒன்று கூட வாங்கி வையுங்கள்.

8. கடையில் செய்ய வேண்டிய சோதனை

டெமோ பீஸைக் கேட்டு வாங்கி, உங்கள் போனோடு இணைக்கச் சொல்லுங்கள். பிறகு யாரையாவது தமிழில் நாலு வரி வாட்ஸ்ஆப் அனுப்பச் சொல்லுங்கள். மலிவு வாட்ச் பலவற்றில் தமிழ் எழுத்தே இருக்காது, வெறும் கட்டங்கள் வரும். சிலவற்றில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிய்ந்து வரும். "அப்டேட்டில் சரியாகிவிடும்" என்பார்கள். சரியான பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

அப்புறம், பேசிப் பாருங்கள், ரோட்டோரம் நின்று. கண்ணாடி போடாமல் பெரியவரால் எண்ணைப் படிக்க முடிகிறதா பாருங்கள். வாட்ச்சை ஒரு கையாலேயே மாட்டிக் கழற்ற முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மூட்டுவலிக்காரர்களுக்குச் சில கொக்கிகள் பெரிய தொல்லை.

9. பில், வாரண்டி, சர்வீஸ்

ஜி.எஸ்.டி பில் இல்லாமல் வாங்காதீர்கள். "பில் வேண்டாம் என்றால் கொஞ்சம் குறைத்துப் போடுகிறேன்" என்பது பழைய பாட்டு. வரி 18 சதவீதம், அந்த வித்தியாசத்துக்கு ஆசைப்பட்டால் வாரண்டி போகும். பில்லில் மாடல் பெயரும் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். பெட்டி, வாட்ச், பில் மூன்றிலும் அந்த எண் ஒன்றாக இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே ஒத்துப் பாருங்கள். எழுத்துத் தானாக அழிந்துவிடும் வெப்பத்தாள் பில் என்றால் அன்றைக்கே படம் எடுத்துப் போனில் வையுங்கள்.

பெட்டியிலோ வாட்ச்சிலோ பி.ஐ.எஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஆர் என்று தொடங்கி எட்டு இலக்கம் வரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்த நிறுவனம் என்று காட்டும். ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் ஆப்பிள் "அல்ட்ரா" நகல்களை இதிலேயே கழித்துவிடலாம்.

சர்வீஸ் சென்டர் விஷயம் முக்கியம். வாங்கும் முன் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டுப் பாருங்கள். காரைக்குடிக்கு 630001, தேவகோட்டைக்கு 630302. வீட்டுக்கே வந்து எடுத்துப் போவார்களா, மதுரைக்கோ திருச்சிக்கோ நாம்தான் கொண்டுபோக வேண்டுமா என்று தெரிந்துவிடும். இரண்டும் சுமார் 90 கி.மீ. போய் வரும் பஸ் காசும் ஒரு நாள் கூலியும் சேர்ந்தால் ரூ. 1,500 வாட்ச்சுக்கு அது கட்டுமா? நான் போன ஒரு சர்வீஸ் சென்டரில், பட்டியலில் பெயர் இருந்தும் வாட்ச் எடுப்பதில்லை, போன் மட்டும்தான் என்று திருப்பி அனுப்பினார்கள். போன் செய்து, உங்கள் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஒப்படைக்கும்போது வேலைச் சீட்டு வாங்க வேண்டும், அதில் "கீறல் இல்லை" என்று எழுதச் சொல்ல வேண்டும்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டி பிரிப்பதை விலாசச் சீட்டிலிருந்து தொடங்கி ஒரே வீடியோவாக எடுங்கள். "ரிட்டர்ன்" என்று போட்டிருக்கிறதா "மாற்றித் தருவது மட்டும்" என்று போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. வட்டியில்லாத் தவணை என்பார்கள், பிராசஸிங் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டியும் தனியாக வரும்.

பிரச்சினை முற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். பல சமயம் அங்கே பதிந்தவுடனேயே நிறுவனம் இறங்கி வரும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: நமக்குச் சிவகங்கை, ராயவரம், கோனாபட்டுப் பக்கத்தவர்களுக்குப் புதுக்கோட்டை. பொருளின் விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வேண்டிய காகிதம்: பில், வாரண்டி அட்டை, வேலைச் சீட்டு, எழுதின மின்னஞ்சல்கள்.

10. வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தால்

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் தம்பி வாங்கித் தருகிறேன் என்றால் மறுக்க முடியாதுதான். ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள்: வாரண்டி வாங்கிய நாட்டுக்கு மட்டுமா? இ-சிம் மாடல் என்றால் நாட்டுக்கு நாடு அலைவரிசை மாறும், இங்கே பேசாமல் போகலாம். அமெரிக்காவில் 2024 ஜனவரிக்குப் பிறகு விற்ற ஆப்பிள் வாட்ச்களில் காப்புரிமை வழக்கால் ரத்த ஆக்சிஜன் வசதியை நிறுத்தி வைத்திருந்தார்கள். 2025 ஆகஸ்டில்தான் வேறு வடிவில் அப்டேட்டாக வந்தது. உறவுக்காரர் தருவது அந்தக் காலத்து மாடலா என்று பாருங்கள்.

கூரியரில் அனுப்பினால் சுங்க வரி வரும், அடையாள ஆவணமும் கேட்பார்கள், அங்கேயே பார்சல் நின்று தாமதமாகும். ஊருக்கு வரும்போது கையில் கட்டிக்கொண்டோ பையிலோ பில்லோடு கொண்டுவரச் சொல்வது உத்தமம். ஒருவர் பயன்படுத்தினதைத் தருகிறார் என்றால், அவருடைய கணக்கிலிருந்து வாட்ச்சை நீக்கிவிட்டுத் தரச் சொல்லுங்கள். அவர் விமானம் ஏறிய பிறகு "பழைய கணக்கின் கடவுச்சொல் கொடு" என்று வாட்ச் கேட்டால், அவர் அங்கிருந்து எடுத்துவிடும் வரை அது வெறும் கண்ணாடித் துண்டு.

11. வாங்கிய முதல் வாரம்

கணக்கைக் கட்டப்போகிறவருடைய சொந்த மின்னஞ்சலில் தொடங்குங்கள். கடைப் பையன் தன் மின்னஞ்சலைப் போட்டுத் தொடங்கித் தருவதாகச் சொன்னால் விடாதீர்கள். கடவுச்சொல்லை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வையுங்கள்.

விவோ, ஓப்போ, ரெட்மி, ரியல்மி போன்களில் பேட்டரியை மிச்சப்படுத்த வாட்ச் செயலியைப் போனே தூங்க வைத்துவிடும். இரண்டு நாள் ஒழுங்காக வந்த தகவல்கள் மூன்றாம் நாள் நின்றுபோகும். செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, தானாகத் தொடங்கும் அனுமதியும் கொடுங்கள். பேசும் வசதிக்குப் புளூடூத்தில் இரண்டாவதாக ஒரு பெயர் தோன்றும், அதையும் இணைத்தால்தான் குரல் வரும்.

அறிவிப்புகளில் போன் அழைப்பும், வீட்டு ஆட்களின் செய்தியும் மட்டும் வரட்டும். குரூப் மெசேஜ் எல்லாம் மணிக்கட்டில் அதிர்ந்தால் பெரியவர் மறுநாளே கழற்றி வைத்துவிடுவார்.

விழுந்தால் அழைக்கும் வசதி இருந்தால், அவசரத் தொடர்பில் உள்ளவர்களிடம் சொல்லி வைத்துவிட்டு அமைப்புகளை ஒருமுறை முழுக்கச் சரிபாருங்கள்: எண்கள் சரியா, பிறந்த தேதி சரியா, இடம் காட்டும் அனுமதி இருக்கிறதா? 112க்குச் சோதனை அழைப்பு போட வேண்டாம். அதற்குப் பதிலாக, பின்கட்டில் நின்று வாட்ச்சிலிருந்து எதிர்வீட்டுக்காரருக்குப் போன் செய்து பாருங்கள். அது போகவில்லை என்றால், மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் பெட்டியில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.